பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட கணக்கு

சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறு நாள் நோட்டீஸையும் முடித்துக்கொடுத்து, பாம்பனுக்குத் திரும்பிக் கருவாட்டு வியாபாரம் தொடங்கியபோது என் கையில் ஒரு எக்செல் தாள் இருந்தது. அதில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முந்நூறு கிலோ கொள்முதல், முந்நூறு கிலோ விற்பனை. மாதந்தவறாமல் சம்பளம் கணக்கில் ஏறிப் பழகியவனுக்கு, ஆண்டு என்றால் சமமான பன்னிரண்டு துண்டுகள் என்றுதான் தோன்றியது.

கடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும் என்றாலும், வரத்து சுருங்கி ஏலத்தில் விலை ஏறிவிடும். அக்டோபரில் வாடைக்காற்றோடு மழை இறங்கினால் டிசம்பர் வரை மீன் கிடைக்கலாம், காயவைக்க வெயில் கிடைக்காது. நெத்திலி நான்கு கிலோ காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். அப்படியானால் என் முந்நூறு கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு கிலோ பச்சை மீன் வேண்டும் என்பதைக்கூடத் தாளில் நான் எழுதியிருக்கவில்லை.

பதிவு வேலைகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குச் செலவே இல்லை. கூரியர்தான் படுத்தியது. வாடை வருகிறது என்று முதல் மூன்று பார்சல்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரட்டை உறை போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரம் வாங்கிய பிறகே அந்தத் தொல்லை அடங்கியது.

பெரிய அடி முதல் அக்டோபரில் விழுந்தது. ஆர்டர்கள் காத்திருந்ததால், இரண்டு நாள் மேகமூட்டத்தில் காய்ந்த எண்பது கிலோ நெத்திலியை அப்படியே பையிலிட்டு ஒட்டிவிட்டேன். மேலே வெள்ளியாக மின்னியது, எனக்கு அது போதுமாக இருந்தது. பத்து நாளில் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படத்தில் மீனின் வயிற்றோரம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கருவாடு காயவைக்கும் பெரியம்மா மீதமிருந்த பையொன்றைப் பிரித்து, ஒரு நெத்திலியை விரலிடுக்கில் மடக்கினார். அது முறியாமல் வளைந்தது. "ஒடிச்சுப் பாத்தியாப்பா? வளஞ்சா இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம்," என்றார். எண்பது கிலோவும் குப்பைக்குப் போனது. அனுப்பியவற்றுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போதைய தாளில் கட்டங்கள் சமமாக இல்லை. மே, நவம்பர் மாதங்களில் கொள்முதல் மிகக் குறைவு. ஜூலை முதல் செப்டம்பர் வரை, வரத்தும் வெயிலும் சேர்ந்திருக்கும் நாட்களில், மழைக்கால விற்பனைக்கான சரக்கையும் சேர்த்து வாங்கி, மணல் ஒட்டாதபடி உயரக் கட்டிய வலைகளில் உலர்த்துகிறோம். அந்த மூன்று மாதமும் பணம் வெளியேதான் போகும். ஆசிரியையான என் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. துணிந்து வேலையை விட்டேன் என்று ஊரில் யாராவது புகழும்போது, அந்தச் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் அறுபது கிலோ எடுத்துச்சென்ற மதுரைக் கடைக்காரர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார். நாளைக் காலையில் அவருக்கு மறுபடியும் போன் செய்ய வேண்டும்.