மூன்றாவது அறையில் இருந்த பெட்டி

நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வருகிறார் என்ற தகவல் கிடைத்ததும் கொழும்புக் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் செய்வது சுவருக்குப் பெயின்ற் அடிப்பதுதான். மகவேற்புக்கு, அதாவது பிள்ளையைத் தத்தெடுப்பதற்கு, விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணை நிற்பதும், உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பதும் பதினொரு ஆண்டுகளாக என் வேலை. புதுப் பெயின்ற் மணக்கும் வீடுகள் எனக்குப் பழகிவிட்டன.

சட்டம் கேட்பவற்றைத் திரட்டுவது ஒப்பீட்டளவில் இலகு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி விண்ணப்பதாரர் 25 வயதை அடைந்தவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். 10 வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் அதன் சம்மதமும் வேண்டும். திருமணச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, வருமானச் சான்று, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான்: பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் தகப்பன் பெயர் எழுதப்பட்டிருக்கும், அதைத் திருத்துவதற்குள் பாதி உற்சாகம் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பிழை செய்தேன். ஒரு கொட்டாஞ்சேனைத் தம்பதியரை உட்காரவைத்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பரீட்சைக்குப் படிப்பிப்பதுபோல் சொல்லிக் கொடுத்தேன். கணவனையும் மனைவியையும் உத்தியோகத்தர் தனித்தனியே விசாரித்தபோது இருவரும் ஒரே வசனத்தை, ஒரே இடத்தில் மூச்சு விட்டு ஒப்புவித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு நான் யாருக்கும் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை; வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுப் பேசாத விடயம் எது என்பதைத்தான் தேடுகிறேன்.

வெள்ளவத்தையில், கடல் தெரியும் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில், அந்த விடயம் ஒரு தகரப் பெட்டியாக இருந்தது. பலகணிக்குக் கம்பி அடித்திருந்தார்கள், மருந்துகளை உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள். பிள்ளைக்கென்று சொன்ன மூன்றாவது அறையில் மட்டும் கணவனின் தாயாரின் பெட்டி நடுவில் கிடந்தது, அதை அப்புறப்படுத்தச் சொல்ல மகனுக்கும் துணிவில்லை, மருமகளுக்கும் துணிவில்லை. அந்த அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “ஆற்றை பிள்ளையெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை வீட்டுக்குள்ள எடுக்கிறது? எடுத்தாலும் அதுக்கு ஒண்டும் சொல்லப்படாது.” முதற்பாதி சாதியைப் பற்றியது என்பது எங்கள் மூவருக்கும் விளங்கியது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் ஒரு மாலையில் அவர் மாறியிருக்க மாட்டார். ஆனால் சொல்லாமல் மறைப்பதைப் பற்றிப் பேச முடிந்தது.

பெட்டிக்குள் என்ன என்று கேட்டேன். காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் என்றார். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது சைக்கிள் கரியரில் கட்டி, நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலுக்குள் தள்ளிக்கொண்டு வந்ததாம். 1980களில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பலர் இன்று வளர்ந்தவர்களாக வந்து பெற்ற தாயைத் தேடுவதையும், சிலருடைய பத்திரங்களில் தாயின் பெயரே பொய்யாக எழுதப்பட்டிருப்பதையும் அப்போது அவருக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேயே வளர்ப்பவர்களின் பெயரில் பிறப்பைப் பதிந்துவிடலாம் என்று உறவுக்காரர் ஒருவர் அந்த வீட்டுக்கு யோசனை சொல்லியிருந்தார். அது குற்றம் என்பதையும், நீதிமன்றக் கட்டளை கிடைத்தால் பிள்ளை சட்டப்படி இவர்களுக்குப் பிறந்த பிள்ளையாகவே கருதப்படும் என்பதையும் விளக்கினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அதின்ரை கடதாசியளையும் பத்திரமா வைக்கவேணும்” என்றார். சம்மதம் என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

உத்தியோகத்தர் வந்த நாளில் மூன்றாவது அறை வெறுமையாக இருந்தது. பெட்டி கிடந்த இடத்தில் தரையில் நாற்சதுரமாகத் துருப்பிடித்த தடம் மட்டும் அழியவில்லை. அவர் அதை விரலால் காட்டி, இங்கே என்ன இருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அந்த அம்மாவே சொன்னார்: “என்ரை பெட்டி. இப்ப என்ரை கட்டிலுக்குக் கீழ கிடக்கு. அதுக்குள்ள இன்னும் இடம் இருக்கு.”