அட்டெண்டர் பாஸ்

ஜூன் 19
அக்கா பையனைப் போதை மீட்பு வார்டில் சேர்த்தாகிவிட்டது. 18 வயதுக்குள் என்றால் வீட்டு ஆள் ஒருவர் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும், பெரியவர்களோடு போடவும் கூடாது. 2017 மனநலச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம், அக்காவால் முடியாது. மச்சான் இருந்தால் சண்டைதான் வரும். அதனால் பாஸில் என் பெயர். கடைச் சாவி பக்கத்துக் கடைக்காரரிடம்.

ஜூன் 20
கொட்டாவி, கொட்டாவி, கொட்டாவி. மூக்கு ஒழுகுகிறது. வெறும் சளிக் காய்ச்சல் என்று யார் வேண்டுமானாலும் நினைப்பார்கள்.

ஜூன் 21
ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கால் இரண்டையும் கட்டிலில் உதைத்துக்கொண்டே இருக்கிறான். வியர்வை, உடனே குளிர், கை முழுக்கப் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு. நடுவில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், அப்புறம் காலைப் பிடித்து "ஒண்ணே ஒண்ணு மாமா" என்றான். நர்ஸம்மா பதறவே இல்லை. "ரெண்டாம் நாளு, மூணாம் நாளுதான் உச்சம். செத்தாத் தேவலைன்னு இருக்கும், ஆனா கடந்துருவான். தண்ணி மட்டும் கொறையாமப் பாத்துக்குங்க." உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் ஊட்டினேன். பதினாறு வயது, மீசை வந்துவிட்டது, வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான்.

சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். முழங்கை மடிப்பில் கருத்த கோடு, பக்கத்தில் சீழ் வைத்த கட்டி. மே மாத வெயிலில், கல்யாண வீட்டில், முழுக்கைச் சட்டை. "என்னடா ஸ்டைலா" என்று எல்லாரும் சிரித்தோம்.

ஜூன் 22
இரண்டு இட்லி. வயிற்றில் நின்றது.

ஜூன் 23
யாரோ மச்சானுக்கு ஒரு 'மறுவாழ்வு இல்லம்' நம்பர் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசினேன். வண்டி அனுப்புவார்களாம், தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம், மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். டாக்டர் தினமும் வருவாரா என்று கேட்டேன். யோகா உண்டு என்றான். லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். "பணத்தை முதல்ல கட்டிருங்க சார், எல்லாம் இருக்கு." வைத்துவிட்டேன்.

மச்சானுக்குப் பயம் எல்லாம் போலீஸ் கேஸ். கஞ்சாவும் இருந்ததே என்கிறார். இங்கே இருக்கும் சோஷியல் வொர்க்கர் பொறுமையாகச் சொன்னார். தானாக வந்து சிகிச்சை எடுத்து முடிப்பவரை, பயன்படுத்தியதற்காகத் தண்டிக்காமல் விட போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, விற்பவர்களுக்குத்தான் அது கிடையாது என்று. மச்சான் தலையாட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

ஜூன் 24
முழுக்கைச் சட்டை. மே மாதம்.

ஜூன் 26
போதை ஒழிப்பு தினம். அவன் வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டோ வந்திருக்கிறது. மைதானத்தில் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அவன் என் ஃபோனில் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தான். "மூணாவது வரிசையப் பாருங்க மாமா" என்றான். எல்லாரும் அரைக்கை யூனிஃபார்ம். ஒருத்தன் மட்டும் மேலே முழுக்கை ஸ்வெட்டர். பெயர் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜூன் 28
ஒரே ஊசி நாலு பேருக்கு. அதனால் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்தோம், இலவசம்தான். எச்.ஐ.வி. இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், கிருமி உள்ளே வந்த உடனே டெஸ்டில் தெரியாது. மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் ரிசல்ட் இன்னும் வரவில்லை. அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

ஜூலை 1
நாளைக்கு வீடு. எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்குத்தான் கையெல்லாம் நடுங்குகிறது. டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னது அப்படி. உள்ளே இருக்கும்போது கஷ்டம்தான், ஆபத்து வெளியேதான். உடம்பு பழக்கத்தை விட்டுவிட்டது. பழைய நினைப்பில் பழைய அளவு எடுத்தால் இப்போது தாங்காது, மூச்சு நின்றுவிடும். அவன் ஊசியில் ஏற்றிய டேபென்டடால் ஆபரேஷன் வலிக்கும் புற்றுநோய் வலிக்கும் கொடுக்கிற மாத்திரை. விழுங்கத்தான் செய்தது, பொடித்து ஊசியில் ஏற்றினால் அதில் இருக்கும் மாவு நரம்பை அடைக்கும், அழுக வைக்கும். வலிப்பும் வரலாம்.

எழுப்பினால் எழுந்திருக்காமல், உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கி, மூச்சு விட்டு விட்டு வந்தால் ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாது. 108. ஒருக்களித்துப் படுக்க வைத்து, என்ன எடுத்தான் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். மூச்சைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இருக்கிறது, நலாக்சோன். மானம் பார்த்து வீட்டிலேயே மோர் கொடுத்துப் படுக்க வைத்த கதைகளை அந்தம்மா நிறையப் பார்த்திருக்கிறார்.

நான் கேட்டேன், எத்தனை நாள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. பதில் சொல்லாமல் அடுத்த ரிவ்யூ தேதியை எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 3
மச்சான் அவன் ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பையன் சாப்பிடவில்லை. அக்கா அழுகிறாள். டிவி மட்டும் ஓடுகிறது.

ஜூலை 5
ராத்திரி பன்னிரண்டரைக்கு அக்கா மனநல உதவி எண் 14416-க்குப் பேசியிருக்கிறாள், பையனுக்காக இல்லை, தனக்காக. மொட்டைமாடியில் நின்று அரை மணி நேரம். அதை எனக்கு மட்டும் சொன்னாள். "ஒரு பொண்ணு, தமிழ்ல, நல்லாக் கேட்டுச்சுடா." ஃப்ரிட்ஜ் கதவில் அந்த நம்பரும், போதை மீட்புக்கான 14446-ம் ஒட்டியிருக்கிறது. மச்சான் மேலே காலண்டரை மாட்டி மறைக்கிறார், அக்கா எடுத்துப் போடுகிறாள்.

ஜூலை 6
மஞ்சள் காமாலை இரண்டும் இல்லை. பிரியாணி வாங்கினேன்.

ஜூலை 9
ரிவ்யூ முடிந்து வரும்போது பஸ்ஸில் தானாகப் பெயரைச் சொன்னான், மூன்றாவது வரிசைப் பையனின் பெயர். சீட்டில்லாமல் கொடுக்கிற மருந்துக்கடையையும் சொன்னான். மதியமே போதைப்பொருள் புகார் எண் 10581-க்குக் கூப்பிட்டுக் கடையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் வீட்டுக்கும் பேசினேன். "எங்க பையன் அப்படியெல்லாம் கெடையாதுங்க" என்று அந்தம்மா வைத்துவிட்டார்கள்.

ஜூலை 11
அந்தம்மாவே கூப்பிட்டார்கள். குரல் வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குச் சீட்டுப் போடுவார்கள், ஆதார் வேண்டுமா, துணி எத்தனை செட். திங்கட்கிழமை காலையில் நானும் வருகிறேன் என்றேன். ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் கழற்றச் சொல்லாமல் அப்படியே கூட்டிவரச் சொன்னேன்.