ரஹ்மானினோவும் அரங்கத்து இருமலும்

ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான செர்கேய் ரஹ்மானினோவ் என்றைக்கு, எந்த ஊரில், என்ன வாசித்தார் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், முதலில் நாள்காட்டியே காலை வாரிவிடுகிறது. அவருடைய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மாஸ்கோவில் முழுமையாக அரங்கேறியது அன்றைய ரஷ்யாவின் ஜூலியன் நாள்காட்டிக் கணக்கில் 1901 அக்டோபர் 27. நம் கணக்கில் நவம்பர் 9. அசந்தால் ஒரே கச்சேரி இரண்டாகிவிடும்.

அச்சிட்ட நிகழ்ச்சி நிரலையும் முழுதாக நம்ப முடியாது. 1931-ல் அவர் எழுதிய கொரெல்லி வேரியேஷன்கள் (ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் பியானோ துண்டுகள்) மொத்தம் 20. அந்த ஆண்டு டிசம்பரில் இசையமைப்பாளர் நண்பர் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில், அதை ஒருமுறைகூட முழுதாக வாசிக்கவில்லை என்கிறார் மனிதர். அரங்கில் இருமல் கூடினால் அடுத்த வேரியேஷனைத் தாண்டிவிடுவாராம். ஒரு சிற்றூரில் இருமல் தாங்காமல் பத்தே பத்துதான். நியூயார்க்கில் 18 வரை போனதுதான் அதிகபட்சம். நிரலிலோ படைப்பின் பெயர் கம்பீரமாக நிற்கும். அந்தக் கடிதம் இல்லையென்றால் இது யாருக்குத் தெரியும்?

பத்திரிகை விளம்பரம் இன்னும் மோசம். 1943 பிப்ரவரி 17-ல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் வாசித்ததே அவருடைய கடைசிக் கச்சேரி. அடுத்து அறிவித்திருந்த ஃபுளோரிடா கச்சேரிகள் உடல்நலக் குறைவால் ரத்தாயின. அதனால் மறுநாள் விமர்சனம் கண்ணில் படாத எந்தக் கச்சேரியையும் நான் சந்தேகக் கணக்கிலேயே வைக்கிறேன்.