சோளக்கொல்லை ஓரத்து டெலிபோன்

அமெரிக்காவில், பிலடெல்பியாவிலிருந்து மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம். லங்காஸ்டர் கவுண்டியில் பேர்ட்-இன்-ஹேண்ட் என்ற சிற்றூரைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கூண்டு, பின்பக்கம் ஆரஞ்சு முக்கோணம். அவசரப்படாமல் அதன் பின்னாலேயே போனோம். வயலில் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் மின்சாரத்தையும் காரையும் ஒதுக்கியவர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அது எவ்வளவு அரைகுறையான அறிவு என்பதைக் காட்டியது ஒரு டெலிபோன்.

பயணிகளைக் குதிரை வண்டியில் சுற்றிக்காட்டும் ஒரு பண்ணையில் ஏறினோம். ஓட்டியவர் ஆமிஷ் பெரியவர். தாடி உண்டு, மீசை இல்லை. கல்யாணம் ஆனதும் ஆண்கள் தாடி வளர்ப்பது அங்கே வழக்கம். கொல்லை ஓரத்தில் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு மரக்கூண்டு தெரிந்தது. உள்ளே டெலிபோன்! மூன்று குடும்பங்களுக்குப் பொது என்றார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். “வீட்டுக்குள் மணி அடித்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போவோம். இங்கே இருந்தால், தேவைப்படும்போது நாங்கள் அதைத் தேடி வருவோம்.”

அப்புறம் எல்லாமே வேறுமாதிரி தெரியத் தொடங்கியது. குளிர்பெட்டி உண்டு, எரிவாயுவில் ஓடும். பட்டறை இயந்திரங்கள் அழுத்திய காற்றில் சுழலும். வெளியிலிருந்து மின்கம்பி மட்டும் வீட்டுக்குள் வராது. அடுத்தவர் ஓட்டும் காரில் ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு கார் இருந்தால் உறவும் சபையும் சிதறிவிடும் என்பது அவர்கள் கவலை. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ‘ஓர்ட்னுங்’ என்று பெயர். சபைக்குச் சபை மாறும். ஒரு சபை என்பது பெரும்பாலும் 25 முதல் 40 குடும்பங்கள்தான். தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். உட்காரும் பலகைகள் தனி வண்டியில் வீடு வீடாகப் போகும்.

1693-இல் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவிலிருந்து பிரிந்தவர்கள் இவர்கள். அங்கே மதத் துன்புறுத்தல். அதை நிறுவிய வில்லியம் பென் மதச் சுதந்திரம் தந்திருந்த பென்சில்வேனியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் இன்றும் ஒருவகை ஜெர்மன் பேச்சுதான். பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொள்ளும் உரிமையை 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றது. இந்த ஒன்றில் என் மனம் இன்னும் சமாதானமாகவில்லை. பதினான்கு வயதுக்குப் பிறகும் படிக்க விரும்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

போகிறவர்கள் தயவுசெய்து அவர்களுடைய முகங்களைப் படம் எடுக்காதீர்கள். படத்துக்கு நிற்பது தற்பெருமை என்றும், உருவம் செய்யாதே என்ற கட்டளைக்கு விரோதம் என்றும் கருதுகிறார்கள். கடையில் விற்கும் துணிப் பொம்மைகளுக்குக்கூட முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அவர்கள் எதையும் விற்கமாட்டார்கள். மற்ற நாட்களில் சாலையோரத்தில் ஜாம், முட்டை, பூசணி எல்லாம் கிடைக்கும். வெல்லப்பாகு ஊற்றிச் செய்யும் ‘ஷூஃப்ளை பை’ (pie) என்ற இனிப்பைக் கட்டாயம் வாங்குங்கள். எங்கள் ஊர்க் கருப்பட்டி மணம் அதில் லேசாக வந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது அந்த மரக்கூண்டுக்குள் மணி அடித்தது. பெரியவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. குதிரை குடித்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை.