பரிகாரியார் சொன்ன சொல்

மாசியில் நெல் அருவி வெட்டு முடியும் நேரம். தருமபுரத்துப் பக்கம் எங்கள் வயலில், மெஷின் வெட்டாமல் விட்ட வரம்போரக் கதிரை அப்பா தாக்கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் நாலரை இருக்கும், "கடிச்சுப்போட்டுது" என்று ஒரு சத்தம். ஓடிப்போனேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் அடையாளம், இரத்தம் கசிந்தபடி. பாம்பு வைக்கோலுக்குள் சுருண்டு சீறிக்கொண்டு கிடந்தது. எட்ட நின்று போனில் படம் எடுத்தேன்.

மாமா சாரத்தைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். யாரும் யோசிக்கவேயில்லை, மோட்டார்சைக்கிளை நாட்டு வைத்தியரான பரிகாரியார் வீட்டுக்கே விட்டோம். அப்பப்பா காலத்திலிருந்து விஷக்கடி என்றால் அந்த வீடுதான். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் மருந்து சரியாக வராத நாட்களில் அவரை விட்டால் எங்களுக்கு யார் இருந்தார்கள்? வழியில் மாமி ஒரு வேர்ச்சாறும் குடிக்கக் கொடுத்தார்.

பரிகாரியார் படத்தைப் பார்த்தார். அப்பாவைத் துப்பச் சொன்னார். எச்சிலில் சிவப்பு.

"தம்பி, இது முத்திரைப் புடையன், கண்ணாடி விரியன் எண்டும் சொல்லுவினம். ரத்தம் உறையாமப் போகுது. இதுக்கு என்னட்ட மருந்தில்லை. 1990 அம்புலன்ஸுக்கு அடி, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

கட்டை அவிழ்க்கப் போன மாமாவையும் மறித்தார். இறுகிய கட்டைத் திடீரென்று விட்டால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறுமாம். ஆஸ்பத்திரியில் பார்த்து அவிழ்ப்பார்கள் என்றார். முதலில் கட்டியதே பிழை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அம்புலன்ஸ் வரும்வரை காலை ஒரு பலகையோடு சேர்த்து, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கொஞ்ச இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். பிறகு சரித்தபோது அது தண்ணீர் போல ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

"நாட்டு மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். ஏசுவாரோ என்று பயந்து ஒரு நிமிடம் வாய் திறக்கவில்லை. அப்புறம் வேர்ச்சாறு பற்றிச் சொன்னேன். அவர் ஏசவில்லை, எழுதிக்கொண்டார். யாருக்காவது இப்படி நேர்ந்தால் தயவுசெய்து இதை மறைக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானால் எதனால் பழுதானது என்று பார்க்க அவர்களுக்கு அது வேண்டும்.

விஷமுறிவு மருந்து குப்பிக்குள் தூளாக இருக்கிறது. தாதி மிஸ்ஸிமார் ஒவ்வொன்றாகக் கரைத்துச் சேலைனில் கலந்தார்கள். ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு. நான் கத்தினேன். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று விளங்கப்படுத்தி, அதை நிறுத்தி ஊசி போட்டு, அடங்கியதும் திரும்ப ஏற்றினார்கள். மருந்தே ஆளைக் கொல்கிறது என்று நினைத்து அந்தக் கட்டத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதே குழாய்ப் பரிசோதனை. மூத்திரத்தைப் போத்தலில் பிடித்து அளந்து எழுதுவது என் வேலை. இரண்டாம் நாள் காலை குழாயைச் சரித்தபோது இரத்தம் அசையவில்லை, உறைந்திருந்தது.

ஐந்து இரவு வார்டில் இருந்தோம். ஒரு சதமும் செலவில்லை. வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமே பரிகாரியார் வந்தார், வீக்கத்துக்கு எண்ணெயோடு. துண்டில் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துவிட்டு, "புண் ஆறட்டும், டொக்டரைக் கேட்டிட்டுப் பூசு" என்று போத்தலை அம்மாவிடம் கொடுத்தார்.