அலென்டவுனில் ஒரே ஒரு முறை

விளையாட்டு சேனல் ஒன்றுக்குத் தமிழ் வர்ணனைக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்த காலம். அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யின் இன்டர்காண்டினென்டல் பெல்ட், அதாவது அந்தப் பெயரிலான சாம்பியன் பட்டத்தின் வரலாற்றை 40 நொடிக்குள் சொல்லும்படி எழுதக் கேட்டார்கள். 40 நொடி என்றால் தமிழில் எழுபது சொல் தாங்கினாலே அதிகம். “1979 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த தொடரில் வென்று பேட் பேட்டர்சன் முதல் சாம்பியன் ஆனார்” என்று தொடங்கி, பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

வர்ணனையாளர் வயதில் மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மைக் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தவர், ஹெட்போனைக் கழற்றினார். “தம்பி, அந்த ரியோ மேட்ச்ல ஒரு துண்டு வீடியோ கிடைக்குமா? நான் பேசும்போது பின்னாடி ஓடட்டும்.”

தேடினேன். வீடியோ இல்லை, போட்டோவும் இல்லை. அப்படி ஒரு தொடரே நடக்கவில்லை. பேட்டர்சன் கையில் ஏற்கெனவே வட அமெரிக்க பெல்ட் இருந்தது. ரியோவில் தென் அமெரிக்கப் பட்டத்தையும் வென்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நிறுவனம் கதை கட்டியது. இன்டர்காண்டினென்டல் என்ற பெயருக்கு இரண்டு கண்டங்கள் வேண்டுமே!

அந்தக் கதைக்குக் கீழே புதைந்து போனது வட அமெரிக்க பெல்ட். நான் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனதும் அதைத்தான்.

அன்றைய அமெரிக்காவில் ரெஸ்லிங் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஇ-யின் பழைய பெயர்) நிறுவனத்தின் எல்லை வடகிழக்கு மாநிலங்கள். பெல்ட்டின் பெயரில் ஒரு கண்டமே இருந்தாலும், அது சுற்றியது பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்குள்தான். 1979 பிப்ரவரியில் டெட் டிபியாஸியை முதல் சாம்பியனாக அறிவித்தார்கள். ஜூன் 19 அன்று பென்சில்வேனியாவின் அலென்டவுனில் பேட்டர்சன் அவரைத் தோற்கடித்தார். கதைப்படி இரண்டு பட்டங்களும் ஒன்றாகிவிட்ட பிறகும், நவம்பரில் ஜப்பானில் செய்ஜி சகாகுச்சி பேட்டர்சனிடமிருந்து பெல்ட்டை வென்றார். அதன் பிறகு அது வேறு யார் கைக்கும் போகவே இல்லை. 1981-ல் கைவிட்டார்கள். மொத்தம் மூன்றே சாம்பியன்கள், சுமார் இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான் அதன் ஆயுள். அமெரிக்க மண்ணில் அது மோதலில் கைமாறியது ஒரே ஒரு முறை, அலென்டவுனில்.

டிபியாஸி எனக்குப் புதியவர் இல்லை. 90-களில் பள்ளி இடைவேளையில் ஆடிய டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டில் அவர் ‘மில்லியன் டாலர் மேன்’, பணத்திமிர் பிடித்த வில்லன். அதற்கு வெகு காலம் முன்பே, 25 வயதில், இந்தச் சின்ன பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் என்பது அந்த கார்டை உரசி உரசி மழுங்கடித்த எனக்குத் தெரியாது.

“எல்லாமே நாடகம்தானே, ரியோவா இருந்தா என்ன, அலென்டவுனா இருந்தா என்ன?” என்று எடிட்டிங்கில் ஒருவர் கேட்டார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்ல முடியும். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்பது கூத்து பார்க்க வந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய ஆடிக் களைத்துப் படுகளத்தில் விழுகிறவர் ஒரு மனிதர். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதால் அந்த உடம்பு பட்ட பாடு பொய்யாகிவிடாது. டிபியாஸியின் வளர்ப்புத் தந்தை மைக் டிபியாஸியும் ரெஸ்லர்தான். 1969-ல் டெக்சாஸின் லபக் நகரில் ஆட்டத்தின்போதே மாரடைப்பு வந்து இறந்தார். மகனுக்கு அப்போது வயது 15. அந்த மகன் வளர்ந்து அதே தொழிலுக்கு வந்து, அலென்டவுனில் நிஜமாகவே மோதித் தோற்ற ஆட்டத்தை, யாருமே ஆடாத ஓர் ஆட்டத்துக்காக நான் ஒதுக்கிவிட்டிருந்தேன். அது எனக்கு உறுத்தியது.

சரி, மறுபடி எழுதினேன். ரியோவை அடியோடு எடுத்துவிடலாம் என்றால் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் அதை எதிர்பார்ப்பார்கள் என்றார், அதுவும் நியாயம்தான். வெகு நேரம் யோசித்து வினைச்சொல்லைத்தான் மாற்றினேன். அலென்டவுனுக்கு ‘வென்றார்’ என்று போட்டேன். ரியோவுக்கு ‘வென்றதாக நிறுவனம் அறிவித்தது’. இதில் இரண்டு நொடி கூடிவிட்டது. இரண்டு நொடிக்காக, எனக்குப் பிடித்த ஓர் அடைமொழியை வெட்டினேன்.

அண்ணன் புதுத் தாளை வாங்கிப் பார்த்தார். டிபியாஸி பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார்.