காசு எதுவரை கூட வந்தது

"உங்ககிட்ட வசதி இருந்துச்சு, விடாம அலைஞ்சீங்க, தீர்ப்பு வாங்கிட்டீங்க" என்று என் மகனின் விபத்து வழக்கைப் பற்றி டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன், டெல்லியில் இதே வழியில் போக வேண்டியவர்களுக்குப் பயன்படும்.

கரோல் பாகில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். 2019 ஜனவரியில், ராத்திரி வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த என் மகனை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனுக்கு 24 வயது. எஃப்.ஐ.ஆர். என் வாக்குமூலத்தில்தான் பதிவானது: அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ. கவனக்குறைவால் மரணம் என்கிற அந்த 304-ஏ-வுக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருடமாகத்தான் இருந்தது. எத்தனை லட்சம் செலவழித்து எந்தப் பெரிய வக்கீலை வைத்தாலும் அதற்கு மேல் போக வழியில்லை. முதல் நாளே வக்கீல் இதைச் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து 'வண்டி அகப்படவில்லை' என்று போலீஸ் அறிக்கை வைத்தது. புகார் கொடுத்தவரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்று வழக்கை மூடக்கூடாது என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கும் நோட்டீஸ் வந்தது. வக்கீல் ஆட்சேபணை மனு போட்டார்.

மனுவில் எழுத ஏதாவது வேண்டுமே. சம்பவ இடத்தில் எடுத்த பொருள்களின் பட்டியலில் 'கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று' என்று ஒரு வரி இருந்தது. கோர்ட் அனுமதியோடு அதைப் போய்ப் பார்த்தேன். சைடு மிரரின் கூடு. உள்பக்கம் அழுக்கைத் துடைத்தால் பாகத்தின் எண் அச்சாகி இருந்தது. முப்பது வருடமாக நான் விற்கிற சரக்கு. எந்த மாடல், இடதுபக்கமா வலதுபக்கமா என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அதை வைத்து, போலீஸ் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று மேல்விசாரணைக்கு உத்தரவு வந்தது. விபத்து நடந்த வாரம் அதே மாடலில் அதே பக்க மிரர் மாற்றிய வண்டிகளை சர்வீஸ் சென்டர்களில் கேட்டார்கள். ஒரு ஜாப் கார்டு, அதாவது வண்டியில் செய்த வேலையை எழுதிய சீட்டு, அகப்பட்டது. முன் பம்பரும் ஹெட்லைட்டும் கூடவே மாற்றியிருந்தார்கள். இதில் என் பணத்தின் வேலை எதுவுமில்லை, என் தொழிலின் வேலை.

பணம் வேலை செய்தது வேறு இடங்களில். ஒவ்வொரு தாரீக்குக்கும், அதாவது விசாரணைத் தேதிக்கும், கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் போக முடிந்தது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கினேன். அதற்குக் காரணம் உபஹார். 1997 ஜூன் 13-ஆம் தேதி கிரீன் பார்க்கில் அந்த தியேட்டர் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். மகளையும் மகனையும் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி இருபது வருடத்துக்கு மேல் நீதிமன்றம் ஏறினார்கள். அந்த வழக்கின் ஆவணங்களே கோர்ட்டுக்குள் கிழிக்கப்பட்டன, காணாமல் போயின. அதற்கென்று தனி வழக்கு நடந்து, 2021-ல் தியேட்டர் முதலாளிகளுக்கு ஏழு வருடத் தண்டனை வந்தது. மறு வருடமே, உள்ளே இருந்த காலம் போதும் என்று குறைந்துவிட்டது. விடாப்பிடிக்கு அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. எதிரில் இருந்தவர்களிடம் பணம் இருந்தது, இவர்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு.

எனக்கு எதிரில் இருந்தவரும் ஏழை இல்லை. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வக்கீல் ஹைகோர்ட்டில் இருக்கிறார், நகல் கிடைக்கவில்லை என்று தாரீக் மேல் தாரீக். நடுவில் கொரோனா வேறு. வழக்கை நடத்துவது அரசு வக்கீல். நாம் வைக்கிற தனி வக்கீல் அவருக்கு உதவலாம், எழுத்தில் வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். அரசு வக்கீல் கையில் அன்றைக்கு ஒரு கட்டு ஃபைல் இருக்கும். எங்கள் வக்கீல் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவார். சில நாள் அந்தத் தாள்தான் வழக்கை நடத்தியது.

காசு வம்பாகவும் ஆகும். ஒரே நேரடி சாட்சி, ஒரு ஏ.டி.எம். காவலாளி. பீகாருக்குத் திரும்பிப் போய்விட்டார். சம்மனைப் பார்த்து, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தார். வாசலில் குளிரில் நின்றிருந்தவருக்கு ஒரு டீ வாங்கித் தரப் போனேன். வக்கீல் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சரியாகத்தான் செய்தார். உள்ளே குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "பையனோட அப்பா எவ்வளவு கொடுத்தார்?"

அப்புறம் ஒரு அம்மா. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர், வீட்டு வேலை செய்கிறவர். கோர்ட்டு கேன்டீனில் தமிழ் கேட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவர் மகனும் அதே வருடம், அதேபோல வண்டி இடித்துப் போனவன். அவர் புகாரிலும் 'வண்டி அகப்படவில்லை'. "ஸ்டேஷன்ல ஹிந்தியில ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்துப் போடச் சொன்னாங்கண்ணே, போட்டேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். வழக்கை மூடுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று இருந்தது.

2022 ஏப்ரலுக்கு முன் நடந்த விபத்தில் வண்டி யாருடையது என்று தெரியாவிட்டால் உயிருக்கு நஷ்டஈடு 25,000 ரூபாய். இப்போது 2 லட்சம். வண்டி தெரிந்துவிட்டால் கணக்கே வேறு. வருமானத்தில், கல்யாணமாகாதவன் என்றால் பாதியைக் கழித்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். என் மகன் வயதுக்கு 18. அவனுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அந்த அம்மாவின் பையன் பெயிண்டர், அவனுக்கு எந்தச் சீட்டும் கிடையாது, குறைந்தபட்சக் கூலியில்தான் கணக்கு தொடங்கும். செத்த பிறகும் சம்பள வித்தியாசம்!

எனக்குத் தீர்ப்பு போன வருடம் வந்தது. ஒரு வருடச் சிறை. மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனையை நிறுத்திவைத்து அன்று சாயங்காலமே ஜாமீன். சட்டத்தில் இடமிருக்கிறது, குறை சொல்ல முடியாது. என் மனைவி தீர்ப்பைக் கேட்க வரவில்லை. "குற்றவாளின்னு எழுதிட்டாங்களா?" என்று போனில் கேட்டாள். எழுதிவிட்டார்கள் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அந்த அம்மாவுக்காக மேல்விசாரணை கேட்டு மனு போட்டிருக்கிறோம். வக்கீல் ஃபீஸ் என்னுடையது. 2025 ஜூனில் கேம்ப்பை இடித்த பிறகு அவருக்கு டெல்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் வீடு. முதல் சம்மன் இல்லாத கேம்ப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. என் கடை முகவரியைக் கொடுத்த பிறகுதான் தபால் கைக்கு வருகிறது. ஒவ்வொரு தாரீக்குக்கும் விடிவதற்கு முன்னால் பஸ் ஏறுகிறார். அன்றைய கூலியை நான் தருகிறேன் என்றால் வாங்குவதில்லை. போன தாரீக்கில் விசாரணை அதிகாரி அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள்.